பாசியில் டீசல் வேண்டாம், வாயு போதும்

ஐயா,

கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து டீசல் எடுக்கலாம் என்ற செய்தியைப் படித்தேன். நான் கொடுங்கையூர்க்காரன். மணலியில் ஓர் ஆலையில் கொதிகலன் தண்ணீரைச் சோதித்தே ஓய்வு பெற்றவன்.

கொடுங்கையூர்க் கழிவுநீர் நிலையத்தில் சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை மறுபடியும் ஆர்.ஓ. செய்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். மீதி கால்வாய்க்குத்தான். அதில் மிஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். அதே சத்தை குளோரெல்லா போன்ற பாசிகள் இழுத்துக்கொண்டு வளரும். சரி, நல்ல யோசனைதான்.

டீசல் என்றதும்தான் இடிக்கிறது. பாசிச் செல் ஒன்று சில மைக்ரான் அளவுதான். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் தேறினாலே பெரிது. டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் பச்சையாக இருக்கும். மணிக்கணக்கில் அசைக்காமல் வைத்தாலும் லேசில் அடியில் படியாது. அதைப் பிரித்துக் காயவைக்கும் செலவே, பாசியில் எடுக்கும் எண்ணெயின் விலையை விழுங்கிவிடும். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை ஆராய்ந்தும் பாசி டீசல் பெட்ரோலிய விலைக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்புறம், இடம். வெயில் அடிவரை இறங்க வேண்டும் என்பதால் குளம் ஓரடி ஆழம்தான் இருக்கலாம். பரப்பு ஏராளமாக வேண்டும். அதற்காக எண்ணூர்ச் சதுப்பைத் தூர்த்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

நிலைய வளாகத்துக்குள்ளேயே சிறிய குளம் வெட்டி, கிடைக்கும் பாசியைக் காயவைக்காமலே கழிவுநீர்க் கசடோடு சேர்த்து மீத்தேன் வாயு எடுக்கலாம். குளத்துக்குள் போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் அம்மோனியா, பாஸ்பேட் எவ்வளவு என்று மாதாமாதம் வாசலில் எழுதிப்போடட்டும்.

— ஒரு வாசகர், கொடுங்கையூர், சென்னை