அந்தப் பெட்டியை வாங்காதே

காட்பாடி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். குடியாத்தம் நிலத் தகராறும் அப்படியேதான். அதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்ளலாம்.

பேத்திக்கு டெலஸ்கோப் வாங்கிவிட்டாயாம். இப்போது ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பெட்டி ஒன்றுக்கும் ஆர்டர் போடப் போகிறாயாம். ஒல்லி சொன்னான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிரீடமா இறங்கிவிடும்? சரி, இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இதைப் படி.

114 மில்லிமீட்டர் கண்ணாடி, குவியத்தூரம் 900 என்றான். அந்த 900-ஐ ஐபீஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். கூடவே வந்த 25-ல் 36 மடங்கு, 10-ல் 90. பெட்டியில் உன்னை மயக்கிய அந்த 4-ல் 225. கண்ணாடி விட்டத்துக்கு இரண்டு பங்கு, அதாவது 228 வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. ஏட்டுக் கணக்குக்குச் சரி, கண்ணுக்குச் சரிவராது. ஊசித்துளை மாதிரி ஓட்டையில் இமை முடி உரச எட்டிப் பார்த்தால் வியாழன் மங்கலாகத் தளதளவென்று ஆடும். காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்திருப்பவர்களே காற்று அடங்கினால்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். உன் மொட்டை மாடியோ ராத்திரி பத்து மணிக்கும் சூடு கக்கும். மண்தரையில் வை.

பெட்டியில் எத்தனை இருந்தாலும் நீ தொடப்போவது இரண்டுதான். அந்தக் காசுக்கு 32 மில்லிமீட்டர் பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று, கோல்ட் லைன் என்கிறார்களே, பார்வைப் பரப்பு 66 டிகிரி உள்ள அந்த 6 மில்லிமீட்டர் ஒன்று வாங்கு. 32-ல் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட முழுசாக அடங்கும். 6-ல் 150 மடங்கு. காற்று நின்ற இரவில் சனியின் வளையம் தனியாகப் பிரிந்து தெரியும். சின்ன மில்லிமீட்டர் பிளாசல் உனக்கு ஆகாது, கண்ணை ஒட்டவைக்க வேண்டும், உன் சோடாபுட்டி இடிக்கும். கிட்டப்பார்வை மட்டும்தான் என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருப்பிக்கொள். ஐபீஸ் செருகும் குழாய் வாய் ஒன்றேகால் இன்ச்தானா என்று அளந்துவிட்டு ஆர்டர் போடு.

இது விளையாட்டில்லை, கேள். ஐபீஸில் திருகுகிற கறுப்பு சூரிய ஃபில்டர் ஏதாவது வந்திருந்தால் இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடு. குவிந்த வெயில் சூட்டில் அது விரிசல் விட்டால் பிள்ளையின் கண் போய்விடும். பகலில் டெலஸ்கோப்பை மூடியே வை.

சனிக்கிழமை காவலூரில் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். விசாரித்துக்கொண்டு பேத்தியையும் கூட்டிப் போவோம். ஒல்லி வண்டி கொண்டு வருகிறான், பெட்ரோல் உன் கணக்கு.

அன்புடன்,
முரளி