வெள்ளத்தில் நனைந்த பத்திரங்களை மீட்க உதவிய எல்லாருக்கும் நன்றி

வணக்கம்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் மனை, வீட்டுத் தரகர் சங்கம் ஆரம்பித்த பத்திர மீட்பு நிதியின் கணக்கை இந்த வருடப் பொதுக்குழுவில் முடித்துவிட்டோம். வரவும் செலவும் வரிக்கு வரி சங்க அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது, ரசீதுக் கட்டு பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பணமாக வராத உதவிகளுக்கு ரசீது கிடையாது, அவற்றையும் எங்காவது எழுதி வைத்தாக வேண்டும் என்றுதான் இந்த மடல். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது யார் யார் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

வெளியூரில் இருந்து உதவியவர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன, ஏரலுக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் போக வழியே இல்லாமல் போனது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டதும், பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டதும் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். தண்ணீர் வடிந்ததும் அரிசி, பாய், போர்வை என்று பல ஊர்களில் இருந்தும் வந்து சேர்ந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் அரசு கொடுத்தது. அந்த வேலையை எத்தனையோ பேர் நம்மைவிட நன்றாகச் செய்தார்கள்.

நம் உறுப்பினர்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் கையில் வேறு ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் பையிலும் தகரப் பெட்டியிலும் தலையணை உறையிலும் சுற்றிய, சேறும் தண்ணீருமாக ஊறிப்போன பத்திரங்கள். "இந்த மனையை நீங்கதானே அண்ணாச்சி காட்டினீங்க, இப்போ பத்திரம் இப்படி ஆயிடுச்சு, இடம் எங்களுக்கு இருக்குமா?" என்று கேட்டார்கள். இடம் எங்கேயும் போகாது, பதிவு அலுவலகத்தில் நகல் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் இருபது வருடக் கடனில் வீடு கட்டி, அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவருக்கு அது ஒரே ராத்திரியில் கூழாகிக் கிடப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அந்தப் பயத்தைப் போக்க நம்மால் முடியும், அதற்கான வழியெல்லாம் நம் தொழிலில்தான் இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு செய்த மூத்த உறுப்பினர்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்த நன்றி பத்திர எழுத்தர்களுக்கு. நான்கு பேர் தங்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நனைந்த பத்திரத்தை எப்படிக் கையாள்வது என்பதையே அவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம். ஈரத்தோடு தாளைப் பிரித்தால் கிழிந்துவிடும், வெயிலில் போட்டால் சுருண்டு நொறுங்கிவிடும், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாளை வைத்து, அது ஈரத்தை இழுத்ததும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈர அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஓர் எழுத்தர் அம்மா பொறுமையாகத் தாள் தாளாகப் பிரித்தெடுத்ததை அங்கே இருந்த எல்லாரும் நின்று பார்த்தோம். தட்டச்சும் கணினி அச்சும் பெரும்பாலும் தப்பித்தன. பேனா மையில் கையால் எழுதிய பழைய பத்திரங்கள்தான் கரைந்து போயிருந்தன. அப்போதும் அவர் கடைசிப் பக்கத்தையும் முத்திரை இருக்கும் பக்கத்தையும் முதலில் பார்ப்பார்: ஆவண எண், வருடம், எந்த சார்பதிவாளர் அலுவலகம். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடலாம்.

எண்ணே தெரியாமல் போன பத்திரங்களுக்கு நம் உறுப்பினர்களின் பழைய நோட்டுகள்தான் கைகொடுத்தன. யாருக்கு எந்த மனையை முடித்துக் கொடுத்தோம், எந்த சர்வே எண், எத்தனை செண்ட், யார் எழுதிக் கொடுத்தது என்று குறித்து வைத்திருந்தவர்கள் அதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலருடைய நோட்டே வெள்ளத்தில் போயிருந்தது, அவர்கள் நினைவில் இருந்து சொன்னார்கள். நான்கு மால், அதாவது மனையின் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லச் சொல்ல, "அது வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் கொல்லை" என்று பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். அதை வைத்து கிராமமும் சர்வே எண்ணும் கண்டுபிடித்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்த்து, ஆவண எண்ணைப் பிடிப்போம். அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய பத்திரம் என்றால் பழைய எண்ணுக்கும் இப்போதைய உட்பிரிவுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். அதற்கு ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் முட்டிவலியோடு பஸ் மாறி மாறி வந்து உதவினார். ஐயா, நீங்கள் காபிக்குக்கூடக் காசு வாங்கவில்லை. உங்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

பணம் எதற்குத் தேவைப்பட்டது என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். நகல் மனுவுக்கும் தேடுதலுக்கும் கட்டணம் உண்டு. பத்திரம் அடியோடு அடித்துக்கொண்டு போனவர்களுக்குச் செலவு இன்னும் அதிகம். அப்போது நடப்பில் இருந்த தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ விதிப்படி, பிறகு அந்தச் சொத்தை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ போனால் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும், தொலைந்திருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றும் நாளிதழ் விளம்பரமும் வேண்டும். வங்கிக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். வாழைத்தோட்டமே மூழ்கிப்போய் அடுத்த வேளைக்கு வழி தெரியாமல் நின்ற குடும்பத்திடம் போய் பேப்பரில் விளம்பரம் கொடு என்று எப்படிச் சொல்வது? நிதியில் பெரும்பங்கு அந்த விளம்பரங்களுக்கும் நகல் கட்டணங்களுக்கும்தான் போனது. மிச்சத்தில் பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றும் வாங்க வேண்டியவர்களின் அலைச்சல் செலவைப் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பணம் வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் முடிக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் கமிஷனில் இருந்து 500 ரூபாய் எடுத்து வைப்பது என்று தீர்மானம் போட்டோம். வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் யாரும் மனை வாங்க வரவில்லை, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர்கள்கூடத் திருப்பிக் கேட்டார்கள். அந்த நிலைமையிலும் வாடகை வீடு முடித்துக் கொடுத்த சின்னக் கமிஷனில் இருந்துகூட 500 கொண்டுவந்து கொடுத்த தம்பிகள் இருக்கிறார்கள். சொந்தக் கடையும் பைக்கும் தண்ணீரில் போனவர்களும் அதில் உண்டு. அவர்களுக்குத்தான் நாம் கொடுத்திருக்க வேண்டும், கேட்டால் "அண்ணாச்சி, முதல்ல இவங்களைப் பாருங்க" என்றார்கள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள், தங்கள் கொடிக்காலே அழுகிக் கிடந்த நேரத்தில், மகளிர் குழு வழியாகச் சேர்த்து அனுப்பினார்கள். சென்னையில் கடை வைத்திருக்கும் நம்மூர் அண்ணாச்சிகள் கல்லாப்பெட்டி பக்கத்தில் உண்டியல் வைத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தூத்துக்குடி மக்ரூனும் உடன்குடிக் கருப்பட்டியும் கொண்டுபோய்ச் சென்னை அடுக்குமாடி வாசல்களில் விற்று, அசல் போக மீதி முழுவதையும் கொண்டுவந்து எண்ணி வைத்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளுக்கு மட்டும் காசு வாங்கினார். மண்டபத்துக்காரர் கரண்ட் பில்லைக்கூடக் கேட்கவில்லை. டீ கொடுத்த அக்காவிடம் கணக்குக் கேட்டால் "எழுதலியே" என்று சிரித்தார்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் அனுப்பினார்கள். இந்த இடத்தில் நம் பொருளாளர் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்புவதை வாங்கலாம், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர்களிடம் வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், நம்மிடம் அது இல்லை என்று அவர் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிச் சில நல்ல தொகைகளை வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. அனுப்ப முன்வந்தவர்கள் வருத்தப்பட வேண்டாம், உங்கள் மனசு எங்களுக்குத் தெரியும். அந்தக் கண்டிப்பு இருந்ததால்தான் இன்றைக்குக் கணக்கைப் பலகையில் தைரியமாக ஒட்ட முடிகிறது.

சார்பதிவாளர் அலுவலக ஊழியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்த நிலையில் நம் மனுக்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

சரி, இனி சங்கத்துச் செய்திகள். மண்டபத்தில் நான்கு மால் சொல்லிக் கொடுத்தாரே, அந்தப் பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். சைக்கிளில் போய் மனை காட்டிய காலத்தில் இருந்து இந்தத் தொழிலில் இருந்தவர். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டு, நம்மில் பலர் தொழிலையே விட்டுவிடலாமா என்று நின்றபோது, அப்ரூவல் உள்ள மனையை மட்டும் காட்டு, பிழைப்பு தானாக வரும் என்று இளையவர்களை நிறுத்தி வைத்தவர் அவர்தான். அவருடைய நோட்டுகளை அவர் வீட்டார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன சொல்லியும் போதாது.

பெண் உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள், இது எனக்குப் பெரிய சந்தோஷம். வெள்ளத்தின்போது விதவைகளும் தனியாக இருக்கும் அம்மாக்களும் மனசைத் திறந்து பேசியது அவர்களிடம்தான். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு என்பதையும் வீடு வீடாகச் சொல்லி வருகிறார்கள். நம் பகுதியில் மனைகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் வரும், சின்னக் குடும்பத்துக்கு அந்த ஆயிரங்கள் பெரிய பணம்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) முகவர் பதிவு இன்னும் செய்யாத தம்பிகள் தயவுசெய்து இந்த வருடம் முடித்துவிடுங்கள். தனிநபருக்கு 25,000 ரூபாய் கட்டணம் என்பது நமக்குப் பாரம்தான், ஆனால் 5 வருடம் செல்லும். சங்கத்தில் வட்டியில்லாக் கடனாகத் தர ஏற்பாடு ஆகியிருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

பொதுக்குழுவில் போட்ட ஒரு தீர்மானத்தை வெளியில் எல்லாருக்கும் தெரிவிக்கச் சொன்னார்கள். நம் உறுப்பினர் யார் மனை காட்டினாலும், 2023-இல் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வாங்குபவரிடம் அட்வான்ஸுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் கறை இன்னும் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். இதனால் சில வியாபாரம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தேதான் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். விற்கிறவர்களும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே ஒத்துழைக்கும் லே-அவுட் உரிமையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி.

நிதியில் மிச்சம் இருக்கும் தொகையை வேறு எதற்கும் எடுப்பதில்லை. அடுத்து எந்த வெள்ளம் தீ வந்தாலும் பத்திரம் போனவர்களுக்கே என்று தனிக் கணக்கில் போட்டாயிற்று. அப்புறம், சில குடும்பங்களுக்கு வாங்கிய சான்றிட்ட நகல்கள் இன்னும் அலுவலக பீரோவில்தான் இருக்கின்றன. கொடுத்த போன் நம்பர் மாறிவிட்டது, சிலர் ஊரையே விட்டுப் போய்விட்டார்கள். உங்கள் உறவிலோ தெருவிலோ மண்டபத்தில் மனுக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் ஆதார் அட்டையோடு வரச் சொல்லுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 10 மணிக்குத் திறந்திருக்கும். வர முடியாத வயதானவர்கள் என்றால் தகவல் மட்டும் சொல்லுங்கள், நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

நன்றியுடன்,
சங்கச் செயலாளர்