கடலில் பிடித்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பலநாள் மீன்பிடிப் படகுகளில் வந்த ஹெரோயினையும் ஐஸ் எனும் போதைப்பொருளையும் கடற்படை மடக்கியதாக அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம். 1988ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயம், போதைப்பொருளோடு நிற்காமல் அதைத் தயாரிக்கும் இரசாயனங்களையும் கடத்தல் பணத்தையும் சேர்த்தே தடுக்கச் சொல்கிறது. நாடுகள் தகவல் பரிமாறாவிட்டால் நடுக்கடலில் ஒரு படகைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமல்ல.

சரி, கரையில்? எங்கள் தெருவில் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுத வேண்டிய ஒரு பையன் அம்மாவின் தோட்டைக்கூட விற்றுவிட்டான். அலுமாரிக்குப் பின்னால் கருகிய வெள்ளித் தாள்களைக் கண்ட அன்றுதான், மகன் போதைக்கு அடிமையானது அந்தத் தாய்க்கு விளங்கியது. ஆலோசனைக்குப் போன இடத்தில் தமிழ் பேச ஆளில்லை. மொழிபெயர்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போனார். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பெற்ற தாய் என்னத்தைச் சொல்வார்? பாதியை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு தினத்துக்குப் பதாகை கட்டுகிறோம். அதற்கு முன் கொழும்பு வடக்கில் தமிழ் தெரிந்த இரண்டு ஆலோசகர்களையாவது நியமிக்க வேண்டும்.

வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.