பாகாயம் – கணியம்பாடி சாலையோரத்தைச் சரிசெய்து, விடியற்காலையில் ஓடும் பிள்ளைகளின் உயிரைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பாகாயம் முதல் கணியம்பாடி வரை காலையில் ஓட்டப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள், அவர்களின் பெற்றோர், பயிற்சி கொடுக்கும் முன்னாள் ராணுவத்தினர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: வேலூர் – திருவண்ணாமலை சாலையின் மண் ஓரத்தைச் சரிசெய்வது, முள்ளை அகற்றுவது, விளக்கு போடுவது, விபத்தில் அடிபட்ட பெண்ணுக்கு நிவாரணம் வழங்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்கு ஆய்வுக்கு வந்தாலும், கணியம்பாடி ஒன்றியத்துக்கு வந்தாலும் நீங்கள் இந்த ரோட்டில்தான் வரவேண்டும், அதனால் ரோடு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வருவது பகலில். நாங்கள் பேசுவது காலை நாலரையிலிருந்து ஆறரை வரை இந்த ரோடு இருக்கும் நிலையைப் பற்றி. இதே விஷயத்துக்காக முன்பே மனு கொடுத்திருக்கிறோம். ரசீது கொடுத்தார்கள், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியாகிவிட்டது என்று போனுக்கு மெசேஜ் வந்தது, அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் வந்து பார்க்கவும் இல்லை. எது நடந்துவிடும் என்று அந்த மனுவில் எழுதினோமோ அது இப்போது நடந்துவிட்டது. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறோம்.

1. ஓடுகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சர்க்கரை, பிரஷர் என்று டாக்டர் சொல்லி ஓடுகிற பெரியவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் போலீஸ் செலக்‌ஷனுக்கும் மிலிட்டரிக்கும் தயாராகிற பிள்ளைகள். பக்கத்திலேயே கம்மவான்பேட்டை இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பேர் வாங்கிய ஊர். அதைப் பார்த்து வளர்ந்தவைதான் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். அக்னிவீர் என்றால் 1.6 கிலோமீட்டர். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் இந்த ஓட்டத்தில் ஒரு நொடி பிந்தினால் வெளியேதான். இதை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது, ஓடித்தான் ஆக வேண்டும். ஏழு மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் ஓடவும் முடியாது, பாதிப் பேருக்கு அதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதனால்தான் இருட்டோடு ஓடுகிறார்கள், வேறு ஆசை ஒன்றும் இல்லை.

2. போன மார்கழியில், பனி இறங்கிய ஒரு காலையில், எங்களோடு ஓடும் 21 வயதுப் பெண் ஒருத்தி அடிபட்டாள். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கட்டட வேலை. எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி வரும் என்று காத்திருந்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரோட்டின் வலது பக்கம்தான் ஓடினாள், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டிருந்தாள், காதில் இயர்போன் கிடையாது. பின்னாலிருந்து வந்த வேன் ஒன்று டிப்பர் லாரியை முந்துவதற்காக வலது பக்கம் ஏறி வந்து அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள், இடுப்பு எலும்பிலும் விரிசல். இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறாள்.

3. அம்மா, இதுதான் எங்கள் முக்கியமான கோரிக்கை, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். வேன் வருகிற சத்தம் அந்தப் பெண்ணுக்குக் கேட்டது. கூட ஓடியவர்களும் கத்தினார்கள். ஆனால் ஒதுங்க இடம் இல்லை. ரோட்டை விட்டு இறங்குவதற்கு ஓரடி இடம் இல்லை.

ஏன் இல்லை என்றால், ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்து மண் அப்படியே கீழே கிடக்கிறது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தார், அதற்கப்புறம் கணுக்கால் முழுக்க இறங்குகிற பள்ளம். இருட்டில் அதில் கால் வைத்தால் கால் பிசகும், அதற்குப் பயந்தே எல்லோரும் கோட்டின் மேலேயே ஓடுகிறார்கள். பள்ளத்தைத் தாண்டினால் வேலிகாத்தான் முள். அது ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, கிளை சாய்ந்து வெள்ளைக் கோடு வரைக்கும் வந்து நிற்கிறது, லாரி போகிற காற்றில் ஆடி முகத்தில் அடிக்கிறது. எங்கள் பிள்ளைகளில் முகத்திலோ கையிலோ முள் கீறாத ஒருவர் இல்லை. குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு மழைக்கே அது உள்வாங்கிவிட்டது. அப்புறம் இடித்த வீட்டுச் செங்கல், உடைந்த பாட்டில், கோழிக் கழிவு மூட்டை, எல்லாம் கொட்டுவதற்கு இந்த ஓரம்தான். எதிரே வருகிற வண்டி ஹைபீம் போட்டால் இதில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாங்கள் டைல்ஸ் போட்ட நடைபாதை கேட்கவில்லை. தாரோடு சமமாக மண் நிரப்பி இறுக்கிய ஓரம் கேட்கிறோம், வண்டி வந்தால் ஒரு ஆள் இறங்கி நிற்க. ஒரு ஜேசிபி, கொஞ்சம் லோடு கிராவல், முள் வெட்ட ஆட்கள். இதற்கு எந்த டெண்டருக்கு இத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? சரி, அரசாங்கத்தால் முடியவில்லை என்றால் நாமே செய்வோம் என்று ஊரில் பணம் போட்டு முள் வெட்டக் கத்தியோடு இறங்கினால், இது சாலைத் துறை இடம், நீங்கள் கை வைக்கக் கூடாது என்கிறார்கள். கை வைக்க வேண்டியவர்களும் கை வைக்க மாட்டார்கள், நாங்களும் வைக்கக் கூடாது என்றால் பிள்ளைகள் எங்கேதான் கால் வைப்பது? ஓரத்தைச் சரிசெய்து கொடுங்கள் அம்மா, தயவுசெய்து சரிசெய்து கொடுங்கள்.

4. பௌர்ணமி. கிரிவலம் முடித்துத் திரும்புகிற வேன், கார், பஸ் எல்லாம் விடியற்காலையில் இந்த வழியாகத்தான் வேலூர், காட்பாடி தாண்டிச் சித்தூர் பக்கம் போகின்றன. ராத்திரி முழுக்கக் கண் விழித்த டிரைவர்கள். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டோம், ஆனால் மாதாமாதம் எந்த நாளில், எந்த நேரத்தில் வருவார்கள் என்று காலண்டரிலேயே இருக்கிறது. அந்த ஒரு காலை மட்டும் கண்ணமங்கலம் பக்கத்திலும் கணியம்பாடியிலும் வண்டியை நிறுத்தி டிரைவரை முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்ப போலீசுக்குச் சொல்லுங்கள். டீச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பௌர்ணமிக்கு மறுநாள் பயிற்சியையே இப்போது நிறுத்திவிட்டோம்.

5. விளக்கு. கம்பம் இருக்கிறது, பல இடங்களில் எரிவதில்லை.

6. ரோட்டில் ஓடாதே, கிரவுண்டில் ஓடு என்று சொல்கிறார்கள். நாங்கள் மட்டும் ரோட்டில் ஓட ஆசைப்பட்டா ஓடுகிறோம்? நேதாஜி ஸ்டேடியம் டவுனுக்குள் இருக்கிறது, நாலரை மணிக்கு இங்கிருந்து பெண் பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேருவார்கள்? இங்கே உள்ள பள்ளி மைதானங்களின் கேட் காலையில் பூட்டியே இருக்கும், கேட்டால் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார்கள். அந்த மேலிடம் நீங்கள்தான் அம்மா. காலை நாலரை முதல் ஏழு வரை திறக்க ஒரு உத்தரவு போடுங்கள். சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, கூட்டிப் பெருக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் மைதானம் கொடுத்தாகிவிட்டது என்று ரோட்டோரத்தை விட்டுவிடாதீர்கள், மைதானத்துக்கு வருவதும் இதே ரோட்டில்தான், பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற சின்னப் பிள்ளைகளும் இதே ஓரத்தில்தான்.

7. அடிபட்ட பெண்ணின் விஷயம். இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்தால் முதல் 48 மணி நேரச் செலவுக்கு அந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டவில்லை, அதற்கு அரசாங்கத்துக்கு நன்றி. அதற்கு அப்புறம் ஊர்தான் பார்த்துக்கொள்கிறது. கூட ஓடுகிறவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள், பென்ஷன் வந்ததும் முன்னாள் ராணுவத்தினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர் டீசலுக்கு மட்டும்தான் வாங்குகிறார். பெண் படுத்துக்கொண்டதால் அம்மாவுக்குப் பீடி சுற்ற உட்கார நேரம் இல்லை, அப்பா வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போவதில்லை. ஊர்க்காரர்களும் எவ்வளவு நாள் கொடுக்க முடியும்?

அடித்த வண்டி இன்றுவரை தெரியவில்லை. மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங் அவர்கள் 2025 ஜூலையில் தமது 114ஆம் வயதில் பஞ்சாபில் சொந்த ஊர் அருகே ரோட்டில் கார் மோதி இறந்தபோது, நிற்காமல் போன அந்த டிரைவரை ஓரிரு நாளில் பிடித்தார்கள். பேர் பெற்ற மனிதருக்கு முடிந்தது, பீடி சுற்றுகிறவர் மகளுக்கும் முடிய வேண்டும். இந்த ரோடு நெடுகிலும் கேமரா வைத்தால் அடுத்த வண்டியாவது தப்பாது. அடையாளம் தெரியாத வண்டி மோதிப் பலத்த காயம் அடைந்தால் 50,000 ரூபாய், இறந்தால் 2 லட்சம் என்று 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. விசாரணை அதிகாரி ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும், ஆட்சியர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. முதலில் அந்தப் பேப்பர் வேண்டும் என்றார்கள், கொடுத்தோம். அடுத்து இந்தப் பேப்பர் என்றார்கள், அதையும் கொடுத்தோம். வாக்கரோடு அந்தப் பெண்ணையே நேரில் கூட்டி வரச் சொன்னார்கள், மாடிப்படி ஏற முடியாமல் அவள் கீழேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோப்பை உங்கள் மேஜைக்கு வரவழைத்துப் பாருங்கள் அம்மா. அந்த 50,000 ரூபாய் அவர்களுக்குப் பிச்சை இல்லை, சட்டப்படி வர வேண்டிய பணம்.

8. அன்றைக்கு அடிபட்டுக் கிடந்தவளைச் சுற்றிக் கூட்டம் நின்றது, தூக்கினால் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் கை கொடுக்க யோசித்தார்கள். கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர்தான் கேன்களை இறக்கி ரோட்டிலேயே வைத்துவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போனார். உதவி செய்கிறவர் மீது வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு 2019லேயே வந்துவிட்டது, உயிரைக் காப்பாற்றுகிறவருக்கு 25,000 ரூபாய் ஊக்கத்தொகைகூட இருக்கிறது. இது இங்கே யாருக்கும் தெரியாது. டீக்கடை வாசலில், பஸ் ஸ்டாப்பில் தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வையுங்கள். அந்தப் பால்காரருக்கு அந்தத் தொகை கிடைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள், அவர் வாய் திறந்து கேட்க மாட்டார்.

அம்மா, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் நீங்கள்தான். அடுத்த கூட்டத்தில் இந்த ரோட்டைப் பொருளாக வைத்து, அதிகாரிகளை விடியற்காலை ஐந்து மணிக்கு எங்களோடு நடந்து பார்க்க அனுப்புங்கள். பகலில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இந்தக் குறை தெரியாது. எட்டுப் புள்ளி எழுதியிருக்கிறோம், எட்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. மூன்றாவதை மட்டும் முதலில் செய்யுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஓரத்தை நிரப்பி, முள்ளை வேரோடு எடுங்கள், மேலாக வெட்டினால் மழை பெய்ததும் பழையபடி வந்துவிடும்.

துறைக்கு அனுப்பப்பட்டது என்ற பதில் இனி வேண்டாம். எந்தத் தேதியில் வேலை தொடங்கும், எந்த அதிகாரி பொறுப்பு என்று எழுத்தில் பதில் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாகாயம் – கணியம்பாடி சாலையில் ஓடும் பிள்ளைகள், பெற்றோர், ஊர் மக்கள்