எட்டுப் போடப் பழக்கும் மாஸ்டர்களுக்கு, நடுரோட்டில் நின்றுபோகும் வண்டியைப் பற்றி ஒரு மடல்

கோவையிலும் பாலக்காட்டிலும் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர்களுக்கு வணக்கம்.

மதுக்கரையில் தொடங்கி எட்டிமடை, க.க.சாவடி, வாளையாறு, கஞ்சிக்கோடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி, குதிரான் வரை 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டிகளைப் பழுது பார்ப்பதும் தூக்கி வருவதும் எங்கள் பிழைப்பு. உங்களிடம் பழகியவர்கள் எட்டுப் போடுகிறார்கள், எச் போடுகிறார்கள், ரிவர்ஸ் எடுக்கிறார்கள். எண்பதில் போகிற வண்டி சட்டென்று உயிரை விட்டால் அடுத்த பத்து விநாடியில் என்ன செய்வது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை. லைசென்ஸ் டெஸ்டில் அது கேட்கப்படுவதில்லை, அதனால் வகுப்பிலும் வருவதில்லை. டெஸ்டுக்கு முன் முக்கால் மணி நேரம், ஒரே ஒரு வகுப்பு, நின்ற வண்டியைப் பற்றி மட்டும் எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுவதையும் எழுதுகிறோம்.

எஞ்சின் அணைந்ததும் பழகாத கால் தானாக பிரேக்குக்குப் போகும். அங்கேதான் முதல் தவறு. எண்பதில் போகும் காரை நியூட்ரலில் விட்டால் சமதரையில் கால் கிலோமீட்டருக்குக் குறையாமல் உருளும். அந்த ஓட்டம் ஒன்றுதான் அப்போது கையிருப்பு. நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, அந்த ஓட்டத்திலேயே இடது ஓரத்துக்கு வர வேண்டும். பஸ் நிற்கும் ஒதுக்கிடமோ, சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வாயோ, பெட்ரோல் பங்கோ எட்டினால் இன்னும் நல்லது. ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் மிதியை லேசாக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துபோகும். ஒரே சீராக அழுத்தச் சொல்லுங்கள். வண்டி முழுதாக நிற்கும் முன் சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதை வாயால் சொன்னால் ஏறாது. ஆளில்லாத மைதானத்தில், இருபது வேகத்தில், சாவியை ஒரே ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைத்து, அந்தக் கனத்தைக் கையிலும் காலிலும் ஒருமுறை உணர வையுங்கள். ஒரு தடவை உணர்ந்தவர் நெடுஞ்சாலையில் பதறமாட்டார்.

டயர் வெடித்தாலும் இதே கதைதான். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மெல்ல விட வேண்டும். பஞ்சரான டயரோடு ஓட்டினால் டயர் கிழிந்துவிடும், ரிம் நெளிந்துவிடும் என்று பயந்து டிராக்கிலேயே நிறுத்திவிடுகிறார்கள். டயர் போனால் போகட்டும். நடந்து போகும் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் உருட்டியாவது ஓரமான இடத்துக்கு வரட்டும். இதை ஒரு மெக்கானிக் சொன்னால் புது டயர் விற்கப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். மாஸ்டர் சொன்னால் நம்புவார்கள்.

வண்டி ஓரத்தில் நின்றதும் முன் சக்கரங்களை இடப்பக்கம் திருப்பி, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். பின்னாலிருந்து எது மோதினாலும் வண்டி சாலைக்குள் பாயாது, வெளிப்பக்கம் போகும். இறங்குவது எல்லோரும் இடது கதவு வழியாக, டிரைவரும் கியரைத் தாண்டி அந்தப் பக்கம்தான். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டிருக்கும்; வெளியிலிருந்து திறந்தால்தான் கதவு வரும். இறங்கிய பிறகு நிற்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காருக்கும் இரும்புத் தடுப்புக்கும் இடையே நிற்கிறார்கள், பானெட்டுக்கு முன்னால் கூடுகிறார்கள், டிக்கியில் சாய்ந்துகொண்டு போன் பேசுகிறார்கள். மூன்றுமே நசுங்கும் இடங்கள். தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய், வண்டி வரும் திசையை நோக்கி, காருக்குப் பின்னால் பத்திருபது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மோதினால் கார் முன்னோக்கித்தான் பறக்கும். பின்னால் தள்ளி நிற்பவர் பிழைப்பார். வாளையாறு காட்டுப் பகுதியில் மட்டும் தடுப்பைத் தாண்டியதும் அங்கேயே ஒட்டி நிற்க வேண்டும், புதருக்குள் இறங்கக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடம் அது.

நடுத்தடுப்பை ஒட்டி, வலது டிராக்கில் நின்றுபோனால் நிலைமை வேறு. இரண்டு டிராக்கைக் குறுக்கே கடந்து இடப்பக்கம் ஓட முயல்வதுதான் அங்கே எமன். அரளி வைத்திருக்கும் திட்டு ஆள் நிற்கும் அளவு அகலமாக இருந்து, வலது கதவு திறக்கவும் இடமிருந்தால், அதில் ஏறிப் பின்பக்கமாக நடந்துவிடலாம். அதற்கு வழியில்லை என்றால் எல்லோரும் உள்ளேயே, சீட் பெல்ட் போட்டபடி, நான்கு இண்டிகேட்டரும் எரிய, உடனே அவசர எண் 112-க்குப் போன். வெளியே வந்து கையைக் காட்டி வண்டிகளை ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி, நின்ற வண்டிக்குப் பின்னால் சாலையில் வைக்கும் மின்னும் எச்சரிக்கை முக்கோணம். புதுக் காரோடு கம்பெனியே ஒன்று கொடுக்கிறது. பெரும்பாலான கார்களில் அது உறை பிரியாமல் ஸ்டெப்னி குழியில் கிடக்கிறது. நூறு வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் பார்த்து, புரிந்து, காலை மாற்ற ஒன்றரை விநாடி என்று வைத்தால் 42 மீட்டர் அதிலேயே போய்விடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 65 மீட்டர். காருக்குப் பின்னால் பத்தடியில் முக்கோணத்தை வைத்தால் என்ன பயன்? குறைந்தது நூறு மீட்டர், அதாவது பெரியவர் நடையில் நூற்று நாற்பது அடி எடுத்து வைக்கும் தூரம். வளைவு என்றால் வளைவுக்கு முன்னால், மேம்பாலத்தில் என்றால் ஏற்றத்தின் உச்சிக்கும் முன்னால். முக்கோணத்தை ஓரத்திலேயே விரித்து, மின்னும் பக்கம் வரும் வண்டிகளைப் பார்க்க நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, தடுப்புக்கு வெளியே நடந்து போக வேண்டும். பிரிட்டனில் சாதாரணச் சாலைக்கு 45 மீட்டர் என்று விதி. மோட்டார்வேயில் முக்கோணம் வைக்கவே கூடாது என்கிறார்கள், வைக்கப் போகிறவர் அடிபடுவார் என்பதால். நம் சாலையில் எங்கள் கருத்து இது: தடுப்புக்கு வெளியே நடக்க வழி இருந்தால் வை. மேம்பாலம் போல ஒதுங்க ஒரு அடிகூட இல்லாத இடம் என்றால் முக்கோணத்தை மறந்துவிட்டு ஆட்களை நகர்த்து.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் எட்டிமடைப் பக்கம் அந்தப் பிளாஸ்டிக் முக்கோணம் ஐந்து நிமிடம் நிற்காது. ஒரு லாரி கடந்தாலே கவிழ்ந்துவிடும். இரண்டு கிலோ மணல் பிடிக்கும் ஒரு துணிப்பையை டிக்கியில் வைத்திருந்து, அதன் கால்மேல் போட்டால் போதும். கல்லைத் தூக்கி வைக்கக் கூடாது. கல்லும் மரக்கிளையும் வைப்பது இந்த வழியில் பழக்கமாகிவிட்டது. வண்டி சரியானதும் புறப்பட்டுவிடுகிறார்கள், கல் அங்கேயே கிடக்கிறது, இருட்டில் பைக்கில் வருபவர் அதில் ஏறி விழுகிறார். இதை உங்கள் வகுப்பில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுங்கள்.

டிக்கியைத் திறந்தே விடவும் வேண்டாம். பல கார்களில் பின்விளக்கின் பாதி டிக்கிக் கதவிலேயே இருக்கிறது; கதவைத் தூக்கினால் விளக்கு வானத்தைப் பார்க்கும். தேவையானதை எடுத்ததும் மூடிவிட்டு, பானெட்டை மட்டும் திறந்து வைக்கலாம். ஏசி, பாட்டு, ஹெட்லைட் மூன்றையும் அணைத்தால் பேட்டரி இண்டிகேட்டருக்கு மிச்சமாகும். இரவில் பார்க் லைட் எரியட்டும்.

இண்டிகேட்டரைப் பற்றி இன்னொன்று. மழை பெய்தால் நான்கையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது, நாற்சந்தியில் நேரே போகப் போட்டுக் காட்டுவது, குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் போடுவது: இரண்டு மாநிலத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. சில டிரைவிங் ஸ்கூல் வண்டிகளிலேயே பார்க்கிறோம், மன்னிக்கவும். ஓடும் வண்டியெல்லாம் நான்கையும் மினுக்கினால், நிஜமாகவே நிற்கும் வண்டியைப் பார்த்து பின்னால் வருபவர் எப்படி பிரேக் பிடிப்பார்?

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த வழியில் ராத்திரி முழுக்க சபரிமலைக்குப் போகும் வண்டிகள். மாலை போட்டவர்கள் கறுப்பும் கருநீலமும் உடுத்தியிருப்பார்கள். வண்டி நின்றால் பத்துப் பேரும் இறங்கி, தார் ரோட்டின் ஓரத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். டிம்மில் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு அந்தக் கறுப்பு வேட்டி மிகக் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னும் ஜாக்கெட் இரண்டு போதும். அதையும் டிக்கியில் போடாமல் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். இறங்கிப் போய் எடுக்க வேண்டியதை இறங்கும் முன் எப்படிப் போட முடியும்? சபரிமலை டிரிப் எடுக்கும் டிரைவர்களில் பாதிப்பேர் உங்களிடம் பழகியவர்கள்தான்.

உதவிக்குக் கூப்பிட தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, எந்த ஆபத்துக்கும் 112, அடிபட்டிருந்தால் 108. "வாளையாறு பக்கத்துல நிக்கிறேன்" என்றால் எந்தக் கிரேனும் வந்து சேராது. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், இடையில் 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சின்னக் கல், "கோவையிலிருந்து பாலக்காடு போகும் பக்கம்" என்று திசை, எத்தனை பேர், யாருக்காவது அடியா: இவ்வளவும் சொல்லப் பழக்குங்கள். திசையைத் தப்பாகச் சொன்னால் மீட்பு வண்டி எதிர்ப்பக்கம் வந்து, அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வரும். எல்லையில் போன் அடுத்த மாநில டவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மறுமுனையில் மலையாளம் கேட்டால் லைனை வெட்ட வேண்டாம். "வண்டி கேடாயி, ரோட்டில் கிடக்குந்நு" என்று சொல்லிக் கல்லின் எண்ணைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஸ்டெப்னி மாற்றும் வேலையில் வலது பக்கச் சக்கரம்தான் ஆளை வாங்குவது. மாற்றுபவரின் முதுகு டிராக்குக்குள் இருக்கும். வலது சக்கரத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் மாற்றவே கூடாது, இழுத்துப் போய்த்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இடது சக்கரம் என்றால் ஜாக்கி ஏற்றும் முன் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும், மண்தரையில் ஜாக்கிக்கு அடியில் ஒரு அடிச் சதுரப் பலகை. சிறிய ஸ்டெப்னி என்றால் அதில் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, பெரும்பாலும் எண்பது. எஞ்சின் கொதித்திருந்தால் ரேடியேட்டர் மூடியில் அரை மணி நேரம் கை வைக்கக் கூடாது.

இழுத்துப் போகும் கொக்கி ஸ்டெப்னி குழியில் தனியாக இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியை நெம்பித் திருக வேண்டும். சில கார்களில் மரை இடப்பக்கமாகத் திரும்பும்; வலப்பக்கம் திருகி, ஏறவில்லை என்று பம்பரில் கயிறு கட்டி, பம்பரே கையோடு வந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் காரையும் எலெக்ட்ரிக் காரையும் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. தளவண்டியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

குதிரான் சுரங்கத்துக்குள் நின்றால் இடது ஓரம், எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டு, சுவரை ஒட்டி வெளியே நடந்துவிட வேண்டும். புகை வந்தால் வண்டியைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

மைதானமும் நாளும் நீங்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எங்களுக்குச் சௌகரியம். ஓடாத கார் ஒன்று, ஜாக்கி, பலகை, மணல்பை, முக்கோணம் எல்லாம் நாங்கள் கொண்டு வருகிறோம். நூற்று நாற்பது அடியை உங்கள் பிள்ளைகளே நடந்து எண்ணட்டும். கார்த்திகைக்கு முன் ஒரு சுற்று முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள், மீட்பு வண்டி ஓட்டுநர்கள்