பேரம் முறிந்த வீடுகளின் டோக்கன் பணமும் தரகும்: நீலகிரி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பத்திர எழுத்தர்கள், குன்னூர் மற்றும் கோத்தகிரி வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: வீட்டு விற்பனை முறியும்போது தரகர்கள் பணத்தைப் பிடித்து வைப்பதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மலையில் வீட்டுப் பேரம் முறிவது பெரும்பாலும் ஆவணக் குறையால்தான். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும். கட்டட அனுமதி இல்லையென்று வங்கி கடனை மறுக்கும். கூடலூர் பக்கமென்றால் 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும், உரிமைச் சிக்கல் தீராத நிலமாக இருக்கும். இடத்தைச் சுற்றிக்காட்டும் தரகருக்கு இது பல நேரம் முதல் நாளே தெரியும்.

தெரிந்தும், சனிக்கிழமை கோவையிலிருந்து வருபவரிடம் "நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்று சொல்லி அன்றே டோக்கன் வாங்கிவிடுகிறார்கள். ரசீது என்பது டைரியில் கிழித்த தாள்: "டோக்கன் 50,000 பெற்றேன்." சர்வே எண் இல்லை, கெடு இல்லை, முறிந்தால் யார் எத்தனை நாளில் திருப்புவது என்றும் இல்லை. பிறகு கேட்டால் "ஓனர் தரமாட்டேங்கிறார்" என்பார்கள். ஓனரைக் கேட்டால் பணம் அவர் கைக்கே வந்திருக்காது.

1.12.2012 முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தம் கட்டாயப் பதிவு. பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். இரு தரப்பும் வந்து ரத்துப் பத்திரம் பதியாதவரை அடுத்து வாங்க வருபவர் தயங்குவார். கமிஷன் கொடுத்தால்தான் எதிர்த்தரப்பைக் கையெழுத்துக்கு அழைத்து வருவேன் என்று தரகர் இங்கே மடக்குவது கொடுமை. ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவின்படி, தனி உடன்படிக்கை இல்லையென்றால், எடுத்த காரியம் முடிந்த பிறகே முகவருக்குக் கூலி. வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்கினால், ஒப்பந்தப்படி முன்பணத்தைப் பிடிக்கும் உரிமை ஓனருக்கு இருக்கலாம். அதில் தரகருக்குப் பங்கு கேட்க நியாயமில்லை.

ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு, கட்டுநர்கள் விற்கும் திட்டங்களின் முகவர்களுக்குத்தான். பழைய வீட்டுத் தரகர்கள் அதற்குள் வருவதில்லை. ஆகவே தங்களிடம் வருகிறோம்.

டோக்கன் ஓனரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், தரகு கிரையம் பதிவாகும் நாளில்தான் என்று சார்பதிவாளர் அலுவலகங்களில் பெரிய எழுத்தில் பலகை வைக்க உத்தரவிடுங்கள். ஆவண எழுத்தர்கள் பயன்படுத்த, சர்வே எண்ணும் கெடுவும் திருப்பும் நாளும் கொண்ட ஒரே மாதிரி ரசீதுப் படிவம் தாருங்கள். சர்வே எண்ணைச் சொன்னால் பிரிவு 17 நிலமா, 1949 தனியார் காடுகள் சட்டத்துக்குள் வருகிறதா என்று டோக்கனுக்கு முன்பே பார்த்துச் சொல்ல வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருவரை நியமியுங்கள். பாதி பேரம் அங்கேயே நின்றுவிடும், யாருக்கும் நட்டமில்லை. மறுவிற்பனைத் தரகர்களுக்கும் பதிவு வேண்டுமென அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பத்திர எழுத்தர்கள்
இடம்: குன்னூர்