வாழ்க்கையைச் சொன்னவரின் பெயரும் திரையில் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற வரியுடன் தொடங்கும் தமிழ்ப் படங்கள் பெருகியிருப்பது மனதார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், அந்தச் சம்பவத்தை வாழ்ந்து, திரைக்கதை எழுதுபவரிடம் உட்கார்ந்து சொன்னவர் யார் என்பது பல படங்களில் கடைசி வரை தெரிவதே இல்லை.

கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூர் காவல் நிலையத்தில் தாம் பட்ட கொடுமைகளை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' 2015இல் வெனிஸ் திரைப்பட விழா வரை சென்றது. சந்திரகுமாரின் பெயரும் அதனுடன் சென்றது. அவர் எழுதினார், புத்தகம் அச்சில் இருந்தது. வாயால் மட்டுமே சொல்லத் தெரிந்தவர்களுக்கு அந்த மரியாதை எப்படிக் கிடைக்கும்?

எங்கள் ஊரில் பீடி சுற்றும் அக்கா ஒருவரிடம் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு உதவி இயக்குநர்கள் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, கை நிற்காமலேயே அவர் பதில் சொன்னார். கடையில் எடை போட்டுக் கொடுக்கும் இலை ஆயிரம் பீடிக்குப் பற்றாமல் போனால் கைக்காசு கொடுத்து இலை வாங்குவதையும், தரமில்லை என்று கழித்த பீடிகளைக் கடைக்காரர் தம் கண் முன்னாலேயே ஒடித்துப் போடும்போது வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னார். பின்னர் வந்த ஒரு படத்தில் அந்த ஒடிக்கும் காட்சி, அவர் சொன்ன சொற்கள் உட்பட, அப்படியே இருந்தது. படத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவருக்கு ஒரு தகவல்கூட யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எவராலும் எழுதியிருக்க முடியாத காட்சி அது.

சட்டம் இந்த இடத்தில் பாதி தூரமே வருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாகவோ வேறு வடிவிலோ உருவான படைப்பைக் காக்கிறது. ஒருவர் பட்ட அனுபவத்துக்கு அதில் உரிமை கிடையாது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை ஒப்புதல் இல்லாமலும் வெளியிடலாம் என்றும், அதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கைக்குள் செல்வதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்றும் வகுத்தது. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான சந்துரு, வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய 1993ஆம் ஆண்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டு 'ஜெய் பீம்' போன்ற படம் உருவாக, வழக்கு என்ற பொதுப் பதிவு ஒன்று இருந்தது. பீடிக்கடை வாசலில் நடப்பதற்கு எந்தக் கோப்பும் இல்லை. சொல்பவரின் வாய்ச்சொல்லே அங்கு ஒரே ஆவணம் என்பதால், அவருடைய ஒப்புதலுக்கும் பெயருக்கும் மற்ற எல்லா இடங்களையும்விட அங்கேதான் அதிக மதிப்பு இருக்க வேண்டும்.

இதனால் எழுதுபவரின் கற்பனைக்குக் கை விலங்கு விழும் என்று சிலர் அஞ்சலாம். அப்படி நேராது. நான்கு பேர் வாழ்க்கையை ஒரு பாத்திரமாகச் சேர்க்கவும், ஊரை மாற்றவும், முடிவையே மாற்றவும் அவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு; பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று சொல்பவரின் விருப்பத்தையும் அவர் காக்க வேண்டும்.

கதைகளைப் பதிவு செய்யும் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம், கதைக்கான தகவலைத் தந்தவர் பற்றிய எளிய தமிழ்ப் படிவம் ஒன்றையும் அத்துடன் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் திரையில் வருமா, எவ்வளவு ஊதியம், எதைச் சொல்லக் கூடாது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். படிக்கத் தெரியாதவருக்கு, அவர் நம்பும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அதை வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமோ கைநாட்டோ பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.